படர்க்கை

எங்கள் மொழியில் அவனும் அவளும் ஒரே எழுத்து.
உதடு குவித்துச் சொல்லவேண்டும்,
சூடான சூப்பை ஊதுவதுபோல.
வில்மோஷ் அதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினான்,
எழுபத்தாறில்.
பதிப்பக ஆசிரியர் இரண்டு மாதம் வைத்திருந்தார்.
'இதில் என்ன இருக்கிறதென்று தெரியவில்லை,
அதனால்தான் பயமாக இருக்கிறது'
என்று திருப்பித் தந்தார்.

அதன்பிறகு அவன் பெயர் எங்கும் அச்சாகவில்லை.
டெலிபோன் டைரக்டரிக்குப் பிழை திருத்தும் வேலை.
பதினொரு வருஷம்.
புடாபெஸ்ட் நகரத்தை முதல் பெயரிலிருந்து கடைசிப் பெயர்வரை
வரி விடாமல் படித்தவன் அவனாகத்தான் இருக்கும்.
பாத்திரங்கள் ஏராளம், கதைதான் நகரவில்லை என்பான்.
எங்கள் வீட்டில் டெலிபோன் கிடையாது.
விண்ணப்பம் பரிசீலனையில் இருந்தது.

கவிதைகளை நான்தான் டைப் அடித்தேன்.
வெங்காயச் சருகு போன்ற தாள் ஏழு,
நடுவே ஆறு கார்பன்.
ஏழாவது பிரதியில் எழுத்தா நிழலா என்று தெரியாது.
அதை வாங்கிப்போனவர்கள்
பாதிக் கவிதையைத் தாங்களே எழுதிக்கொண்டார்கள்;
சில சமயம் அது நன்றாகவும் இருந்தது.

அலமாரி உச்சியில்
சீமைமாதுளை அடுக்கிப் பழுக்கவைப்பது இங்கே வழக்கம்.
பழங்களுக்குப் பின்னால் பிரதிகள்.
இன்றும் சந்தையில் அந்த வாசனை வந்தால்
யாரோ கதவைத் தட்டப்போகிறார்கள் என்று
வயிறு முதலில் சொல்லிவிடுகிறது.

ஒருநாள் தட்டினார்கள். நான்கு பேர்.
அதில் சின்னவன், காது சிவந்தவன்,
ஒரு கவிதையை நின்றபடி இரண்டு முறை படித்தான்.
பிறகு பட்டியலில் எழுதினான்:
தாள், ஒன்று.

எல்லாம் மாறியபின், கோப்புகள் திறந்தபின்,
போய்ப் பார்க்கலாமா என்று கேட்டேன்.
'என்னைப் பற்றி மோசமான உரைநடை
போதுமான அளவு படித்துவிட்டேன், எமோக்கே.'
அவன் போகவில்லை.
அவன் இறந்த மூன்றாம் வருஷம் நான் போனேன்.

பச்சை விளக்கு. பென்சிலுக்கு மட்டும் அனுமதி.
அறுநூற்றுப் பன்னிரண்டு பக்கம்.
உளவு சொன்னவருக்கு 'கூழாங்கல்' என்று பெயர் வைத்திருந்தார்கள்.
எங்கள் சமையலறையில் உட்கார்ந்தவர்;
காபிக்கு எத்தனை சர்க்கரைக் கட்டி என்பதுவரை
தப்பில்லாமல் எழுதுகிறவர்.

எண்பத்து மூன்று, நவம்பர் ஒன்பது:
'விருந்தினர் கலைந்தபின்
மறந்துவிட்ட குடைக்காகத் திரும்பிச் சென்றேன்.
கதவு சாத்தியிருக்கவில்லை.
சமையலறையில் அவர் அழுதுகொண்டிருந்தார்.
காரணம் தெரியவில்லை.'

ஓரத்தில் அதிகாரியின் சிவப்புப் பென்சில்:
யார்?

அடுத்த பக்கத்தில் பதில் இல்லை.
அடுத்த பக்கம் நிலக்கரி விலை பற்றி
யாரோ சொன்ன நகைச்சுவை.

யார் குடையை மறந்தார்கள் என்று யோசித்தால்
கூழாங்கல்லின் முகம் தெரிந்துவிடும்.
நான் அதை யோசிக்கவில்லை.
அந்த இரவைத்தான் தேடினேன்.
கண்ணாடித் தம்ளர்களை நான் கழுவினேனா,
அவன் துடைத்தானா,
சாம்பல் கொட்ட நான் கீழே இறங்கியிருந்தேனா?
நான் அழுததாக நினைவில்லை.
என் முன்னால் அவன் அழுததே இல்லை,
அவன் அம்மாவைப் புதைத்த அன்றுகூட
மண்வெட்டிக்காரருடன் கால்பந்து பேசினான்.

நானாக இருந்தால் மறந்துவிட்டேன்.
அவனாக இருந்தால்
ஒரு மாடி இறங்கி ஏறும் நேரத்துக்குள்
முடித்து, முகம் கழுவி,
துண்டையும் மடித்து வைத்திருக்கிறான்.

நகல் வேண்டுமா என்று அந்தப் பெண் கேட்டாள்.
இந்த ஒரு பக்கம் போதும் என்றேன்.
எத்தனை?
வாய் தானாகச் சொன்னது: ஏழு.

இயந்திரம் துப்பத் துப்பச்
சூடாக எடுத்து அடுக்கினேன்.
ஏழாவதும் முதலாவதைப் போலவே
அத்தனை கறுப்பு.